இரண்டாவது கீப்பரின் விலை



போன பதிவில் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதியபோது, "சார், ஒரு தடவை கிரிக்கெட்டைப் பற்றியும் எழுதுங்க" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கிரிக்கெட் ஆட்டத்தை விமர்சிக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் கிரிக்கெட்டில் ஒரு வேலை இருக்கிறது, அதன் வரலாறு நம் வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். அது இரண்டாவது விக்கெட் கீப்பர் வேலை. கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒன்று போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு அணியில் ஆறேழு பேட்ஸ்மேன்கள் ஆடலாம், நாலைந்து பவுலர்கள் ஆடலாம். ஆறாவது பேட்ஸ்மேன் சறுக்கினால் ஏழாவது ஆளுக்கு இடம் கிடைக்கும். கீப்பர் மட்டும் ஒரே ஒருவர்தான். அவர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்வரை நாட்டின் இரண்டாவது சிறந்த கீப்பருக்கு வேலையே கிடையாது. காலையில் எழுந்து பயிற்சி செய்யவேண்டும், கிளவுஸ் மாட்டவேண்டும், தண்ணீர் பாட்டில் தூக்கவேண்டும், காத்திருக்கவேண்டும். முதல் ஆளுக்கு விரல் உடைந்தால்தான் இவருக்கு வாய்ப்பு. அடுத்தவன் கெட்டுப்போக வேண்டும் என்று எந்த நல்ல மனுஷனும் நினைக்கமாட்டான், ஆனால் அவன் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. தர்மசங்கடமான உத்தியோகம்.

நம் ஊரில் இந்த உத்தியோகம் பார்த்த ஒருவரை இளைய தலைமுறை மறந்திருக்கும். பரத் ரெட்டி, 1954ல் மெட்ராஸில் பிறந்தவர். அந்தக் காலத்தில் இந்தியாவின் கீப்பர் சையத் கிர்மானி. 88 டெஸ்ட் ஆடியவர், அசைக்கமுடியாத ஆள். 1979ல் இங்கிலாந்துப் பயணத்துக்கு அணியைத் தேர்ந்தெடுத்தபோது யாரும் எதிர்பாராமல் கிர்மானியை விட்டுவிட்டார்கள். கேப்டன் நம் வெங்கட்ராகவன். கீப்பர் பரத் ரெட்டி. நான்கு டெஸ்டிலும் அவர்தான் கீப்பிங் செய்தார். நான்காவது டெஸ்ட் ஓவலில் நடந்தது. 438 ரன் இலக்கு, கவாஸ்கர் 221 அடித்தார். கடைசியில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. வெற்றிக்கு 9 ரன் பாக்கி இருக்கும்போது ஆட்டம் டிராவில் முடிந்தது. அப்போது களத்தில் அவுட் ஆகாமல் நின்ற இருவரில் ஒருவர் பரத் ரெட்டி.

அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். ஊர் திரும்பியதும் கிர்மானி மறுபடி அணிக்குள் வந்துவிட்டார். நான்கு டெஸ்டோடு பரத் ரெட்டியின் டெஸ்ட் கணக்கு முடிந்தது. அவருடைய திறமைக்கு என்ன விலை என்று கேட்டால், அந்தக் காலத்தில் விலை சொல்ல ஒரு சந்தையே கிடையாது. இந்தியாவுக்கு ஒரு கீப்பர், மாநிலத்துக்கு ஒரு கீப்பர், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு வழி கம்பெனி வேலை. ஸ்டேட் பேங்க், இந்தியா சிமெண்ட்ஸ், கெம்பிளாஸ்ட், ஸ்பிக் என்று நிறுவனங்கள் வேலை கொடுத்து சென்னை லீக்கில் ஆட வைத்தன. பரத் ரெட்டியும் கெம்பிளாஸ்டுடனும் அதன் ஜாலி ரோவர்ஸ் அணியுடனும் நீண்ட காலம் இருந்து, பின்னால் வந்த எத்தனையோ இளைஞர்களுக்கு வழிகாட்டினார். நம் பக்கத்துக் கால்பந்துக்காரர்களும் இப்படித்தானே? வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் பந்து உதைத்த பையன்கள் ஐ.சி.எஃப்., ரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை என்று வேலைக்குப் போனார்கள். விளையாட்டு வேலை வாங்கிக் கொடுத்தது. சோறு போட்டது வேலைதான்.

இனி நம் கதைநாயகனுக்கு வருவோம். தினேஷ் கார்த்திக். 1985 ஜூன் 1ல் சென்னையில் பிறந்தவர்.

2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் அவர் இந்தியாவுக்கு முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். பாய்ந்து மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்தது இன்றும் பேசப்படுகிறது. நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அவர் யாருடைய இடத்தில் வந்தார் என்பதையும் பாருங்கள். பார்த்திவ் படேல். 2002ல் 17 வயதில் டெஸ்ட் ஆடிய பையன். அவன் கொஞ்சம் தடுமாறினான், இவர் உள்ளே வந்தார். 2004 டிசம்பரில் சிட்டகாங்கில் இன்னொரு கீப்பர் ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகமானார். பெயர் மகேந்திர சிங் தோனி.

கார்த்திக் மோசமாக ஆடினார் என்று சொல்லமுடியாது. 2005 மார்ச்சில் கொல்கத்தா டெஸ்டில் பாகிஸ்தானுக்கு எதிராக 93 அடித்தார், இந்தியா ஜெயித்தது. மறுமாதமே விசாகப்பட்டினத்தில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக தோனி ஒருநாள் ஆட்டத்தில் 148 அடித்தார். 93 எங்கே, 148 எங்கே! அந்த வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி தோனி முதல் டெஸ்ட் ஆடினார். எந்த மைதானம் தெரியுமா? நம் சேப்பாக்கம். பத்து டெஸ்ட் ஆடியிருந்த சென்னைப் பையனின் இடத்தை, அவன் சொந்த ஊரிலேயே இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். விதி சில சமயம் இடம் பார்த்து அடிக்கிறது.

அந்த நாளிலிருந்து தோனி 90 டெஸ்ட் ஆடினார். கார்த்திக் மொத்தமாக ஆடியது 26.

இந்த இடத்தில் இரண்டாவது ஆளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அதே நாற்காலிக்காகக் காத்திருப்பது. மற்றொன்று, வேறு நாற்காலி தேடுவது. கார்த்திக் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கீப்பிங் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பேட்ஸ்மேனாக, அதுவும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 2007 இங்கிலாந்துத் தொடரில் மூன்று டெஸ்டில் 263 ரன். இந்திய அணியிலேயே அவருடையதுதான் அதிகம். சச்சின், திராவிட், கங்குலி, லட்சுமண் எல்லாரும் இருந்த அணி அது. 1986க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் தொடர் அது. இருந்தும் அந்த நாற்காலி அவருக்கு நிலைக்கவில்லை. 2010 தொடக்கத்தில் டெஸ்ட் அணியிலிருந்து போனவர், 2018 ஜூனில்தான் மறுபடி டெஸ்ட் ஆடினார். எட்டு வருஷம் சும்மாவா?

பரத் ரெட்டியின் காலமாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் 2008ல் ஒன்று நடந்தது. ஐபிஎல். நான் இதை வரலாற்று ஆசிரியனாகப் பார்க்கிறேன். இதுவரை நாட்டில் ஒரே ஒரு கீப்பர் நாற்காலிதான் இருந்தது. ஒரே நாளில் எட்டு நாற்காலிகள் ஆகிவிட்டன. பதினோரு பேரில் வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேருக்கு மேல் ஆடக்கூடாது என்ற விதியும் வந்தது. பேட்டிங்கும் தெரிந்த இந்தியக் கீப்பர் என்றால் எல்லா அணியும் தேடும் சரக்கு. இரண்டாவது ஆள் என்று ஓரமாக உட்காரவைக்கப்பட்டவர், எட்டு அணிச் சந்தையில் முதல் ஆள் ஆகிவிட்டார்.

2008 பிப்ரவரி ஏலத்தில் தோனியை சென்னை சூப்பர் கிங்ஸ் 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். கார்த்திக்கை டெல்லி 5 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு எடுத்தது. சேப்பாக்கத்தில் மறுபடியும் தோனி, சென்னைக்காரர் வெளியூரில். சென்னை அணிக்கு இரண்டாவது கீப்பராக முதலில் பார்த்திவ் படேல் இருந்தார், பிறகு விருத்திமான் சாஹா இருந்தார். கார்த்திக் கடைசிவரை மஞ்சள் சட்டை போடவே இல்லை. சொந்த ஊர் அணியில் இரண்டாவதாக உட்காருவதைவிட வெளியூரில் முதல் ஆளாக நிற்பது அவருக்கு லாபமாகத்தான் இருந்தது. ஆனால் லாபமும் மனசும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை.

அதன் பிறகு அவருடைய விலை போன போக்கைப் பாருங்கள். 2011ல் பஞ்சாப், 9 லட்சம் டாலர். 2012ல் ஏலம் இல்லாமலேயே பஞ்சாபிலிருந்து மும்பைக்கு மாற்றம். 2013ல் மும்பைக்காக 510 ரன் அடித்தார், கோப்பையும் ஜெயித்தார்கள். 2014ல் டெல்லி, 12 கோடியே 50 லட்சம் ரூபாய். 2015ல் பெங்களூரு, 10 கோடியே 50 லட்சம். 2016ல் குஜராத் லயன்ஸ், 2 கோடியே 30 லட்சம். 2018ல் கொல்கத்தா, 7 கோடியே 40 லட்சம், கேப்டன் பதவியும் சேர்த்து. 2022ல் மறுபடி பெங்களூரு, 5 கோடியே 50 லட்சம்.

பத்தாம் வகுப்பில் வரைபடம் போட்ட ஞாபகம் இருக்கிறதா? இதைப் போட்டால் மலையும் பள்ளமுமாக வரும். 2014ல் பன்னிரண்டரைக் கோடி பெற்ற மனிதர், 2016ல் ஏன் இரண்டே கால் கோடிச் சொச்சத்துக்கு வந்தார்? இரண்டு வருஷத்தில் கை மாறிவிட்டதா, கண் மங்கிவிட்டதா? ஒன்றும் இல்லை. 2014ல் டெல்லி அணி பழைய ஆட்டக்காரர் ஒருவரைக்கூடத் தக்கவைக்காமல் மொத்தப் பணத்தோடு ஏலத்துக்கு வந்தது. எல்லா அணிகளும் புதிதாக அணி கட்டிக்கொண்டிருந்தன. கையில் காசும் மனசில் அவசரமும் உள்ளவன் சந்தைக்கு வந்தால் விலை ஏறத்தான் செய்யும். காசிமேட்டில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே வஞ்சிரம்தான், அதே எடைதான். காலையில் இரண்டு ஹோட்டல்காரர்கள் போட்டி போட்டால் ஒரு விலை, அவர்கள் கூடையை நிரப்பிக்கொண்டு போனபின் இன்னொரு விலை. 2014ல் டெல்லி கடைசி இடத்தில் முடித்தது. தோற்ற அணியின் விலையுயர்ந்த ஆள்மேல்தான் முதலில் கண் விழும். 2015ல் பெங்களூருவில் அவர் பெரிதாக ரன் அடிக்கவில்லை. 2016 ஏலத்தின்போது பெரும்பாலான அணிகளின் கீப்பர் நாற்காலி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. விலை கீழே வந்தது.

வாங்குகிறவனின் தேவைக்குப் போடப்படும் அளவுதான் விலை. மனிதனின் மதிப்பை அதை வைத்து எடை போட்டால் ஒவ்வொரு ஏலத்திலும் ஒவ்வொரு மனிதனாக மாறவேண்டியிருக்கும்.

சரி, இதில் ஆட்டக்காரன் கையில் என்னதான் இருக்கிறது? ஏலத்தில் எந்த அணி என்று அவன் தேர்ந்தெடுக்கமுடியாது. அடிப்படை விலை எவ்வளவு என்று சொல்லலாம். அதிகமாகச் சொன்னால் யாரும் கை தூக்காமல் போகலாம், குறைவாகச் சொன்னால் அதற்கே போய்விடலாம். ஒரு அணி இன்னொரு அணிக்கு மாற்ற நினைத்தால் அவன் சம்மதம் வேண்டும். இவை சின்ன உரிமைகள்தான். பெரிய உரிமை ஒன்று உண்டு. தன்னை என்னவாக ஆக்கிக்கொள்வது என்பது அவன் கையில்தான் இருக்கிறது.

கார்த்திக் அதைத்தான் பயன்படுத்தினார். 2016-17ல் விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்காக ரன் மழை பொழிந்தார். இறுதி ஆட்டத்தில் வங்காளத்துக்கு எதிராக 112. தமிழ்நாட்டுக்குக் கோப்பை, அவருக்கு மறுபடி இந்திய அணியில் இடம். பிறகு கடைசி நாலைந்து ஓவரில் இறங்கி அடித்து முடிக்கும் வேலையைத் தனக்கென்று ஒரு தொழிலாகவே கற்றுக்கொண்டார். எல்லாரும் முதல் மூன்று இடத்துக்குப் போட்டி போடும்போது, யாரும் விரும்பாத ஏழாம் இடத்தை எடுத்துக்கொண்டார்.

2018 மார்ச் 18, கொழும்பு. நிதஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி வங்கதேசம். 12 பந்தில் 34 ரன் வேண்டும் என்ற நிலையில் இறங்கினார். ருபெல் ஹுசைனின் ஒரே ஓவரில் 22 ரன். கடைசிப் பந்தில் 5 ரன் தேவை. சௌம்ய சர்க்கார் போட்ட பந்தை எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் சிக்ஸருக்குத் தூக்கினார். 8 பந்தில் 29. பதினான்கு வருஷக் காத்திருப்பு எட்டுப் பந்தில் வெளிவந்தது.

அதே வருஷம், ஆறு வாரத்துக்கு முன்னால், பூமியின் மறுபக்கத்தில் இதே மாதிரி ஒன்று நடந்திருந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் உறவுக்காரப் பிள்ளைகள் இதைப் படித்துச் சிரிப்பார்கள், தாத்தா அமெரிக்கன் ஃபுட்பால் பேசுகிறார் என்று. அந்த ஆட்டத்தில் பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். நம் கீப்பரைப் போலவே ஒரு நேரத்தில் ஒருவர்தான். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதல் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேற, மாற்று ஆள் நிக் ஃபோல்ஸ் உள்ளே வந்தார். 2018 பிப்ரவரி 4ல் சூப்பர் பவுல் இறுதியில் நியூ இங்கிலாந்தை 41-33 என்று தோற்கடித்தார். அந்த அணிக்கு அதுதான் முதல் சூப்பர் பவுல் வெற்றி. ஆட்ட நாயகனும் அவரே.

அடுத்த சீசனில் வென்ட்ஸ் குணமாகித் திரும்பினார். ஃபோல்ஸ் மறுபடி பெஞ்சில். 2019ல் அணி அவரை 2 கோடி டாலருக்கு இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ள முன்வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வழி இருந்தது, 20 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டினால் வெளியேறலாம். தன் கைக்காசைக் கட்டி ஃபோல்ஸ் வெளியேறினார். இரண்டாவது ஆளாக உட்கார்ந்து 2 கோடி வாங்குவதைவிட முதல் ஆளாக நிற்கவேண்டும் என்று நினைத்தார். ஜாக்சன்வில் அணி நாலு வருஷத்துக்கு 8 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அதில் 5 கோடிக்கு மேல் உத்தரவாதம், என்ன ஆனாலும் கிடைக்கும் பணம்.

அப்புறம் கேளுங்கள். 2019 செப்டம்பர் 8, புது அணியில் முதல் ஆட்டம். ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே ஃபோல்ஸின் தோள் எலும்பு உடைந்தது. அவருக்கு மாற்றாக வந்த புதுப் பையன் கார்ட்னர் மின்ஷூ பிரமாதமாக ஆடி இடத்தைப் பிடித்துக்கொண்டான். மாற்று ஆளாக இருந்து நாயகன் ஆனவரின் நாற்காலியை இன்னொரு மாற்று ஆள் எடுத்துக்கொண்டான். மறுவருஷம் ஃபோல்ஸை சிகாகோ அணிக்கு மாற்றினார்கள். பதிலுக்கு ஜாக்சன்வில் பெற்றது, புதிய ஆட்டக்காரர் தேர்வில் நாலாவது சுற்றில் ஒரு ஆளை எடுக்கும் உரிமை மட்டும்தான். நம் ஊர் பாஷையில் சொன்னால் அடிமாட்டு விலை.

அவர் வெளியேறியது முட்டாள்தனமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். எலும்பு உடையும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 8 கோடியே 80 லட்சம் என்பது பேப்பரில் வந்த தலைப்பு. குடும்பத்தைக் காப்பாற்றியது அந்த உத்தரவாதத் தொகை. ஒப்பந்தத்தில் படிக்கவேண்டிய வரி அதுதான்.

இப்போது நம் பக்கம் வருவோம். இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இதுதான்.

இரண்டாவது ஆள் என்ற உத்தியோகம் கிரிக்கெட்டில் பிறந்தது இல்லை. பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் உங்கள் தாத்தாக்கள் பலர் "பத்லி"யாகத்தான் உள்ளே போனார்கள். நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால் அவன் மிஷினில் இவன் நிற்பான். காலையில் கேட்டில் நிற்கவேண்டும், பெயர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. துறைமுகத்திலும் அப்படித்தான். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி.

ஆனால் அந்த மனிதர்கள் சங்கம் வைத்துப் போராடியதால் காத்திருப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று சட்டத்தில் எழுதவைத்தார்கள். 1948ல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த திட்டத்தில், ரிசர்வ் பட்டியலில் இருக்கும் தொழிலாளி வேலைக்கு வந்து நின்று, வேலை நடக்காமல் திருப்பி அனுப்பப்பட்டால் அவனுக்கு ஒரு தொகை உண்டு. அதற்குச் சட்டத்தில் வைத்த பெயரே "டிஸ்அப்பாயின்ட்மென்ட் மணி". ஏமாற்றப் பணம்! எந்த அதிகாரி இந்தப் பெயரை யோசித்தாரோ, அவருக்கு மனசு இருந்திருக்கிறது. ஒருவனை வரச்சொல்லி நிற்கவைத்தால் அந்த நிற்றலுக்கும் விலை கொடு என்பதுதான் அதன் பொருள்.

பத்லிக்கும் அப்படியே. 1953ல் தொழில் தகராறு சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தில், பத்லியாக இருந்தாலும் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் லே-ஆஃப் நஷ்டஈட்டு விஷயத்தில் அவனைப் பத்லி என்று ஒதுக்கமுடியாது என்று எழுதினார்கள். நம் தமிழ்நாட்டில் 1981ல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்த 480 என்ற எண்ணை விரல்விட்டு எண்ணியிருக்கின்றன.

கிரிக்கெட் வாரியம்கூட இந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறது. அணியில் இருந்தும் ஆடாமல் பெஞ்சில் உட்காருகிறவருக்கு, ஆடும் பதினோரு பேருக்குக் கிடைக்கும் ஆட்டச் சம்பளத்தில் பாதி உண்டு. தண்ணீர் பாட்டில் தூக்குவதும் வேலைதான்.

நானும் ஒரு காலத்தில் பத்லிதான். பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக "லீவ் வேகன்சி"யில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. ஜூன் மாதம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று இரண்டு வருஷம் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் என் அம்மா சொல்லுவாள், "கூப்பிட்டா போ, கூப்பிடலன்னா படி." அந்த இரண்டு வருஷத்தில்தான் வரலாற்றில் எம்.ஏ. முடித்தேன். பிறகு நிரந்தர இடம் வந்தபோது அந்தப் பட்டம்தான் கைகொடுத்தது.

போன மாதம் நம் மாணவன் ஒருவன் பேசினான். பெயர் வேண்டாம். நம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருஷமாக கான்ட்ராக்டில் ஃபிட்டர். நிரந்தர ஃபிட்டர் லீவு போட்டால் இவன்தான் மொத்த லைனையும் பார்க்கிறான், அவர் வந்தால் இவன் மறுபடி ஓரம். வெளியூரில் ஒரு சின்ன கம்பெனி சூப்பர்வைசர் வேலை தருகிறேன் என்கிறது. சம்பளம் ஐந்தாயிரம் கூட. "இங்கேயே நிக்கட்டுமா, போகட்டுமா சார்?" என்று கேட்டான். போனில் அரைகுறையாகச் சொன்னேன். யோசித்து முழுசாக இங்கே சொல்கிறேன், அவனைப் போல இன்னும் பத்துப் பேர் இருப்பீர்கள்.

தம்பி, முதலில் நாற்காலிகளை எண்ணு. நீ இருக்கும் இடத்தில் ஒரே நாற்காலி, அதில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் இருபது வருஷ சர்வீஸ் என்றால் உன் திறமை அங்கே விலை போகாது. கார்த்திக் எவ்வளவு நன்றாக ஆடினாலும் தோனியின் வயசைக் குறைக்கவோ கூட்டவோ முடியாது. அவருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் என்றால் கணக்கு வேறு.

இரண்டாவது, கூடுதல் சம்பளம் எவ்வளவு என்பதோடு உத்தரவாதம் எவ்வளவு என்றும் கேள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில் தருவார்களா, ஆறு மாதத்தில் கம்பெனி கதவு சாத்தினால் உனக்கு என்ன மிஞ்சும்? ஃபோல்ஸின் தோள் எலும்பை நினைத்துக்கொள்.

மூன்றாவது, உன் ஒன்பது வருஷத்துக்குக் காகிதம் இருக்கிறதா? சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், கேட் பாஸ், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடு. காத்திருந்தவனுக்குச் சட்டம் கொஞ்சம் உரிமை வைத்திருக்கிறது. காத்திருந்தேன் என்று நிரூபிக்கத் தெரியாதவனுக்கு அதுவும் இல்லை. முடிவெடுக்குமுன் ஒரு நல்ல தொழிலாளர் வழக்கறிஞரையோ சங்கத்து ஆளையோ பார்.

நான்காவது, எங்கே இருந்தாலும் இரண்டாவது தொழில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள். 2021ல் கார்த்திக் என்ன செய்தார் தெரியுமா? ஜனவரியில் தமிழ்நாட்டுக்குக் கேப்டனாக சையத் முஷ்டாக் அலி கோப்பையை வென்றார். ஜூனில் சவுத்தாம்டனில் உலக டெஸ்ட் இறுதிக்கு மைக் பிடித்து வர்ணனை செய்தார். ஆட்டம் முடிந்துவிட்டது, இனி பேச்சுத்தான் என்று ஊர் சொன்னது. மறுவருஷம் பெங்களூருவுக்கு 330 ரன், 100 பந்துக்கு 183 ரன் என்ற வேகத்தில். 37 வயதில் டி20 உலகக் கோப்பைக்குப் போனார். 2006ல் இந்தியாவின் முதல் டி20 ஆட்டத்தில் ஆட்ட நாயகனாக இருந்தவர், பதினாறு வருஷம் கழித்தும் அணியில் இருந்தார். மைக் பிடிக்கத் தெரிந்ததால் பேட்டைப் பயப்படாமல் பிடித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வேளைச் சோற்றுக்குப் பயந்தவன் ஏழாம் இடத்தில் இறங்கி முதல் பந்தையே தூக்கமாட்டான்.

எல்லாம் வெற்றிக்கதை என்றும் நினைக்கவேண்டாம். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் அவர் 25 பந்தில் 6 ரன் எடுத்து அவுட் ஆனார். இந்தியா தோற்றது. 2020ல் சீசன் நடுவிலேயே கொல்கத்தாக் கேப்டன் பதவியை விட்டார். காத்திருந்து கிடைத்த வாய்ப்பு எல்லாம் கனியவில்லை. ஆறு வெவ்வேறு அணிகளுக்காக 257 ஐபிஎல் ஆட்டம், 4842 ரன். 2024ல் ஓய்வு. அதன்பின் பெங்களூரு அணிக்கே பேட்டிங் பயிற்சியாளர் ஆனார். 2025 ஜூனில் அந்த அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது அவர் டக்-அவுட்டில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை மாற்று ஆளாக இல்லை.

இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். விருத்திமான் சாஹா. 2010ல் நாக்பூரில் முதல் டெஸ்ட் ஆடினார், கீப்பராக இல்லை. காலைப் பயிற்சியில் ரோஹித் சர்மாவுக்குக் கால் பிசகியதால் பேட்ஸ்மேனாக இறக்கினார்கள். அடுத்த டெஸ்ட் 2012ல், தோனிக்குத் தடை இருந்ததால். தோனி டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றபிறகுதான் நாற்காலி கிடைத்தது. அவர் கார்த்திக்கைப் போல வேறு வேடம் போடவில்லை, அதே நாற்காலிக்காகக் காத்திருந்தார். 40 டெஸ்ட் ஆடினார். காத்திருப்பதும் ஒரு வழிதான், கணக்குப் பார்த்துக் காத்திருந்தால்.

ஆகவே தம்பி, போவதும் நிற்பதும் உன் இஷ்டம். வீட்டில் மனைவியிடம் கலந்துபேசு, பிள்ளைகளின் படிப்பைப் பார். எந்த முடிவு எடுத்தாலும் "நான் இரண்டாவது ஆள்தானே" என்று மட்டும் உன்னைச் சொல்லிக்கொள்ளாதே. நீ இல்லாத அன்று அந்த லைன் நின்றுபோகும் என்பது உன் மேஸ்திரிக்குத் தெரியும்.

பி அண்ட் சி மில்லிலோ துறைமுகத்திலோ பத்லியாக, ரிசர்வ் ஆளாக இருந்த தாத்தாவோ அப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொன்ன கதைகளைக் கீழே எழுதுங்கள். பழைய கூலிச் சீட்டு, அடையாள அட்டை எதுவும் பெட்டியில் கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதெல்லாம் நம் ஊரின் வரலாறு.

எல்லோரும் நலமாக இருங்கள். வெயில் அதிகம், மோர் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்